வகுப்பைப் பார்க்கப் போனால் மட்டும் பாடம் மாறுகிறது: பதில்

ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கப் போகும்போது, முதலில் அந்தக் குறிப்பேட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், சார். நீங்கள் உள்ளே இருக்கும்வரை குழுச் செயல்பாடு, வெளியே வந்ததும் பழையபடி பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதுவது என்கிறீர்கள். எழுதிக்கொண்டு நிற்பவரை ஆய்வுக்கு வந்த அதிகாரியாகத்தான் நினைப்பார்கள்.

மேலூர் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியர் தன் கணக்கு வகுப்புக்கு எங்களை வந்து உட்காரச் சொன்னார். வகுத்தலில் பிள்ளைகள் திணறியதை மறைக்கவில்லை. மாலை டீ நேரத்தில் அதையே பேசினோம். அப்புறம்தான் எங்கள் கதவுகளும் திறந்தன.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பில், அரும்பு என்ற தொடக்க நிலையில் உள்ள பிள்ளை ஒன்றின் நோட்டை இரண்டு வாரம் பாருங்கள். பலகையில் இருந்ததே அதிலும் இருந்தால், செயல்பாடு உங்களுக்காக நடந்தது.

ஒருவரே மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்தினால் இது மட்டும் போதாது. அவருடைய பதிவேட்டு வேலையை முதலில் குறையுங்கள்.