மின்விமான மோட்டாரைச் சோதிக்கும் ஸ்டாண்டில் முதலில் எதைக் கணக்குப் பார்ப்பது?

தம்பி, மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸில் ஜிக் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) செய்கிறவர் என்பதால் ஸ்டாண்டின் பலத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு, அதாவது சுமை வரும்போது ஸ்டாண்ட் எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்பது. 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற பிப்பிஸ்ட்ரெல் வேலிஸ் எலக்ட்ரோ என்ற மின்விமானத்தின் மோட்டார் 57.6 கிலோவாட், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் முறுக்குவிசை (தண்டைத் திருப்பும் விசை) சுமார் 220 நியூட்டன் மீட்டர், அதைத் தாங்குவது பெரிய காரியமில்லை. அதே வேகத்தில் தண்டு நொடிக்கு 42 முறை சுற்றுகிறது, அந்த 42 ஹெர்ட்ஸில் ஓர் உதறல், மூன்று இதழ் புரொப்பெல்லர் என்றால் அதன் மூன்று மடங்கான 125 ஹெர்ட்ஸிலும் உதறல் வரும், ஸ்டாண்டின் இயல்பு அதிர்வெண் (தட்டினால் அது தானாக அதிரும் வேகம்) இவற்றுக்குப் பக்கத்தில் விழுந்தால் ஸ்டாண்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆட்டம் நிற்காது. கட்டி முடித்ததும் சுத்தியலால் தட்டி அந்த அதிர்வெண்ணை அளந்து பாருங்கள். ஒருமுறை நான் அதைச் செய்யாமல் விட்டேன். மறுநாள் நான்கு போல்ட்டிலும், தளர்ந்தால் தெரிவதற்காகப் போட்டிருந்த பெயின்ட் கோடு விலகியிருந்தது. அப்புறம், மோட்டார் சூடானபின் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தண்டு நேராக நிற்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவுகருவி) இன்னொரு தடவை பாருங்கள்.