குணமும் பழக்கமும் பரம்பரையாக வருமா?

"தகப்பனைப் போலவே முன்கோபம்" என்று சொல்வார்கள். அது பிறப்பிலேயே வருவதா, பார்த்துப் பழகுவதா?

குணம் என்பது ஒருவர் இயல்பாகவே சாயும் பக்கம்: கூச்சம், படபடப்பு, பொறுமை. பழக்கம் செய்து செய்து கைக்கு வருவது. இரண்டுக்கும் வீடுதான் ஊற்று, வரும் வழிதான் வேறு.

குணத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1979இல் தொடங்கிய ஆய்வில், சிறுவயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த, ஒரே மரபணுக்கள் கொண்ட ஒத்த இரட்டையர்களின் குணங்களிலும் கணிசமான ஒற்றுமை தெரிந்தது. கோபத்துக்கென்று தனி மரபணு கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுகின்றன. பனங்கொட்டையை நினைத்துப் பாருங்கள்: இளகிய பாத்தியில் கிழங்கு நேராக நீளும், இறுகிய மண்ணில் கட்டையாகும். கொட்டை ஒன்றுதான்.

பழக்கத்துக்கு மரபணு அவ்வளவாகத் தேவையில்லை. 1995இல் போரால் ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வைக் கண்ட யாழ்ப்பாண வீடு ஒன்றை எடுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில், அலுமாரியின் கீழ்த்தட்டில். பிறகு பிறந்த பேத்தியும் கொழும்பு வாடகை அறையில் அப்படியே வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அம்மம்மா படுக்கப்போகுமுன் அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவள், அவ்வளவுதான்.

சரி, "குணத்தில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம்" என்று படித்துவிட்டு, என் கோபத்தில் பாதி அப்பாவுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு, தனி ஒருவரைப் பங்கு பிரிக்கும் கணக்கல்ல.