லோக்கல் டிம்மிங் எல்சிடி திரையைச் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், பெட்டியில் கான்ட்ராஸ்ட் 10,00,000:1 என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளையின் வெளிச்சத்தைக் கறுப்பின் வெளிச்சத்தால் வகுத்து வரும் எண். பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்குதான் பேக்லைட்; அதை ஜோன் என்ற பகுதிகளாகப் பிரித்து, படம் கறுப்பான இடத்தில் மட்டும் மங்கவைப்பதே லோக்கல் டிம்மிங். திரை முழுக்கக் கறுப்பானால் பேக்லைட்டே அணைந்துவிடும். அந்த இருட்டால் வகுத்தால் எவ்வளவு பெரிய எண்ணும் வரும். கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் திரையில் நிற்கும்போது அளக்க வேண்டும். அரை மணி நேரம் திரையை ஓடவிட்டு, தானியங்கி பிரைட்னஸை நிறுத்திவிட்டு, சதுரங்கக் கட்டப் படத்தைப் போடுங்கள். நடுவிலுள்ள வெள்ளைக் கட்டத்தின் வெளிச்ச அளவைப் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தின் வெளிச்ச அளவால் வகுங்கள். டிம்மிங் இல்லாமல் ஒருமுறை, டிம்மிங்கோடு ஒருமுறை. எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு. டிம்மிங் இல்லாதபோது ஐபிஎஸ் பேனல் சுமார் 1000:1 தரும், விஏ பெரும்பாலும் 3000:1-ஐத் தாண்டும். அதற்கு மேல் கூடுவதுதான் டிம்மிங் தருவது.

கேள்வி: 4கே மானிட்டருக்கு 576 ஜோன் போதுமா?

பதில்: 3840 x 2160 என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். 576 ஜோனுக்குப் பங்கிட்டால் ஒரு ஜோனுக்கு 14,400 பிக்சல் வருகிறது. 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் 2596 ஜோன்கள்; அங்கே ஒரு ஜோனுக்கு ஏறக்குறைய 2155 பிக்சல்தான். அதிலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு ஜோனின் வெளிச்சம் அதன் எல்லையோடு நிற்காமல் பக்கத்து ஜோன்களிலும் பரவும். பரவியதைத் தடுப்பது பேனலின் சொந்தக் கான்ட்ராஸ்ட். அதனால் குறைந்த ஜோன் உள்ள விஏ, அதிக ஜோன் உள்ள ஐபிஎஸ்ஸைவிடச் சுத்தமாகத் தெரிய வாய்ப்புண்டு. வாங்கும் முன் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: போனில் படம் எடுத்தால் ஒளிவட்டம் பெரிதாக விழுகிறது, நேரில் அவ்வளவு இல்லை. எது சரி?

பதில்: லென்ஸுக்குள்ளும் கண்ணுக்குள்ளும்கூட வெளிச்சம் சிதறும். இருட்டறையில் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, அதை மட்டும் மறைக்கும் அளவுக்குக் கறுப்பு அட்டையை வெட்டி, திரையை அழுத்தாமல் முன்னால் பிடியுங்கள். அப்போதும் சுற்றிலும் ஒளி நின்றால் அது திரையின் குறை. போய்விட்டால் லென்ஸின் அல்லது கண்ணின் வேலை. கேமராவை மேனுவலில் வைத்து, எல்லாத் திரைக்கும் ஒரே எக்ஸ்போஷர் கொடுங்கள். ஷட்டர் 1/30 அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். வேகம் கூடினால் பேக்லைட் துடிப்பு பட்டை பட்டையாக விழும். பக்கவாட்டில் உட்கார்ந்தும் பாருங்கள். நேரில் மறைந்திருந்த ஒளிவட்டம் அங்கே வெளியே வரும்.

கேள்வி: அண்ணா, என் டிவியில் ஒளிவட்டமே இல்லை, ஆனால் நட்சத்திரங்கள் மங்கலாக இருக்கின்றன. நல்ல டிவிதானே?

பதில்: இல்லை, அது ஒளிவட்டத்தை மறைக்கக் கொடுத்த விலை. சிறிய வெளிச்சம் வரும்போது மென்பொருள் அந்த ஜோனை முழுதாக ஏற்றுவதில்லை. கறுப்புப் பின்னணியில் திரைப் பரப்பில் 10%, 2%, 1% அளவில் வெள்ளைச் சதுரங்களைக் காட்டி ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் நிட்ஸ் என்ற அலகில் அளவெடுங்கள். சதுரம் சிறுக்கச் சிறுக்க எண் சரிந்தால் எச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பெரிய வீச்சுள்ள) படத்தின் மினுக்கம் போய்விடும். கூடவே 1% முதல் 5% வரையிலான சாம்பல் படிகளையும் பாருங்கள். டிம்மிங் போட்டதும் கீழ்ப் படிகள் கறுப்பில் கரைந்தால் நிழல் விவரங்களும் தொலைகின்றன. நேர்மையான திரையில் கொஞ்சம் ஒளிவட்டம் இருக்கத்தான் செய்யும். அதை நான் ஏற்பேன், இந்த மங்கலை ஏற்க மாட்டேன்.

கேள்வி: டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 முத்திரை இருந்தால் லோக்கல் டிம்மிங் உண்டா?

பதில்: டிஸ்ப்ளேஎச்டிஆர் என்பது திரையின் எச்டிஆர் திறனுக்குப் பல நிலைகளில் தரும் சான்று; 400 அதில் அடிநிலை. அந்த நிலைக்கு லோக்கல் டிம்மிங் கட்டாயமில்லை.

கேள்வி: கேம் மோடில் வெளிச்சம் கர்சருக்குப் பின்னால் இழுபடுகிறதே?

பதில்: தாமதத்தைக் குறைக்கப் பல டிவிகள் கேம் மோடில் டிம்மிங் கணக்கை எளிதாக்கிவிடும். பிக்சலும் பேக்லைட் எல்இடியும் ஒரே கணத்தில் மாறாவிட்டால் ஒளி பின்தங்கும். கறுப்பில் வெள்ளைச் சதுரத்தை ஓடவிட்டு, போனில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், எத்தனை பிரேம் பின்தங்குகிறது என்று எண்ணிவிடலாம். மேலே சொன்ன அளவுகளையும் நீங்கள் பயன்படுத்தப்போகும் மோடிலேயே மறுபடி எடுங்கள். சினிமா மோடின் எண்கள் இங்கே பொருந்தாது.