12 பவுண்டு டிக்கெட்டில் யாருக்கு எவ்வளவு? பிரிட்டிஷ் சினிமா கேள்வி-பதில்

லண்டன் தியேட்டரில் 12 பவுண்டு கொடுத்துப் படம் பார்த்தேன். அதில் தயாரிப்பாளருக்கு எவ்வளவு போகும்?

முதலில் வரி. வாட் 20% என்றதும் 12-இலிருந்து 2.40-ஐக் கழித்துவிடாதீர்கள். டிக்கெட் 10 பவுண்டு, அதன் மேல் வரி 2 பவுண்டு, இதுதான் கணக்கு. அந்தப் பத்தைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். இதற்கு நிலையான வீதம் கிடையாது. பெரிய ஹாலிவுட் படம், முதல் வாரம் என்றால் விநியோகஸ்தரின் கை ஓங்கும். சின்னப் படம், மூன்றாவது வாரம் என்றால் தியேட்டர் வைத்ததே சட்டம். பேச்சுக்கு விநியோகஸ்தர் பங்கு 40% என்று வைப்போம்: 4 பவுண்டு.

அந்த நாலிலிருந்து விநியோகஸ்தர் முதலில் தன் கமிஷனை எடுப்பார். அடுத்து விளம்பரம், டிரெய்லர், டிஜிட்டல் பிரதி, சான்றிதழ் கட்டணம் என்று தான் போட்ட செலவு. மினிமம் கியாரண்டி, அதாவது உரிமைக்கு முன்பணம், கொடுத்திருந்தால் அதுவும் அடைபட வேண்டும். பிறகு சர்வதேச விற்பனை ஏஜென்ட். எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால், முதலீட்டாளர்கள் ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்ட வரிசைப்படி பங்கு. தயாரிப்பாளர் பெரும்பாலும் அந்த வரிசையின் வாலில் நிற்பவர். பாப்கார்ன் காசில் இவர்கள் எவருக்கும் பங்கில்லை. தியேட்டர் உயிர்வாழ்வதே அதில்தான்.

40 லட்சம் பவுண்டில் எடுத்த படம் பிரிட்டனில் 60 லட்சம் வசூலித்தால் லாபம்தானே?

இல்லை. அங்கே அறிவிக்கும் வசூலில் வாட்டும் அடக்கம். அதைக் கழித்தால் 50 லட்சம்; மேலே சொன்ன 40 சதவீதப்படி விநியோகஸ்தருக்கு வருவது 20 லட்சம். விளம்பரத்துக்கே அதில் பெரும்பகுதி போய்விடலாம். தொலைக்காட்சி, ஓடிடி, வெளிநாட்டு உரிமைகள்தான் இப்படிப்பட்ட படத்தைக் கரையேற்ற வேண்டும்.

லண்டனுக்கு அருகே உள்ள பைன்வுட், லீவ்ஸ்டன் ஸ்டுடியோக்களில் எடுத்த ஹாலிவுட் படங்களும் 'பிரிட்டிஷ் படம்' என்று கணக்கில் வருகின்றனவே, எப்படி?

சான்றிதழ்தான் காரணம். 35 மதிப்பெண்ணுக்கான கலாசாரத் தேர்வில் 18 வாங்கினால் படம் பிரிட்டிஷ் படம். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக பிஎஃப்ஐ. பணம் போட்டவர் யார், பதிப்புரிமை யாருடையது என்று தேர்வு கேட்பதில்லை.

ஆகவே இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பணத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும். தச்சர், ஒளியமைப்பாளர், கிராஃபிக்ஸ் கலைஞர் ஆகியோரின் கூலியும் ஸ்டுடியோ வாடகையும் பிரிட்டனில் தங்கும். படம் ஓடினால் வரும் லாபம் கலிபோர்னியாவுக்குப் போகும். திரைப்படத்துக்கும் பெரிய பட்ஜெட் தொடர்களுக்கும் பிரிட்டனில் ஆன தயாரிப்புச் செலவு, பிஎஃப்ஐ முதலில் வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் 627 கோடி பவுண்டு. 2023-இல் 423 கோடி. அந்த ஆண்டு எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தது அமெரிக்காவில். வேலையில்லாமல் உட்கார்ந்தவர்களில் லண்டனைச் சுற்றியிருந்த தற்காலிகப் பணியாளர்களும் உண்டு.

சுயாதீனப் படத்துக்கு அரசு 53% திருப்பித் தருகிறதாமே?

தருவது வரிச் சலுகையாக, ஆனால் பட்ஜெட்டில் 53% அல்ல. இந்த ஒரு தவறான புரிதலிலேயே பல நிதித் திட்டங்கள் கவிழ்ந்துவிடும்.

கணக்கில் வருவது முதன்மைச் செலவு மட்டுமே: படப்பிடிப்புக்கு முந்தைய ஏற்பாடு, படப்பிடிப்பு, பிந்தைய வேலைகள். கதை உருவாக்கக் காலச் செலவு, விளம்பரம், கடன் வட்டி ஆகியவை வராது. அந்த முதன்மைச் செலவிலும் பிரிட்டனுக்குள் நுகரப்பட்ட சரக்கும் சேவையும்தான் சேரும். முழுப் படத்தையும் அங்கேயே எடுத்திருந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள்.

ஒரு கோடி பவுண்டு முதன்மைச் செலவு, எல்லாம் பிரிட்டனில் என்று கொள்வோம். ஏற்கப்படுவது 80 லட்சம். அதில் 53% என்றால் 42.4 லட்சம். இந்தத் தொகைக்கே 25% நிறுவன வரி உண்டு என்பதால் கைக்கு வருவது 31.8 லட்சம். சாதாரணப் படங்களுக்கான 34% வீதத்தில் இதே படத்துக்கு 20.4 லட்சம்தான் தேறியிருக்கும். ஆக, சலுகை பெரியதுதான், ஆனால் பாதி அல்ல.

53% வீதத்துக்கு முதன்மைச் செலவு 2.35 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது, அதிலும் 1.5 கோடி வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இயக்குநரோ முதன்மைத் திரைக்கதையாசிரியரோ பிரிட்டிஷ்காரராகவோ வழக்கமாக அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும், அல்லது படம் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தப்படி அதிகாரபூர்வ கூட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். படப்பிடிப்பு 2024 ஏப்ரல் 1 அன்றோ பிறகோ தொடங்கியிருக்க வேண்டும். தியேட்டர் வெளியீட்டை நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஏற்பாட்டு வேலைகள் தொடங்கிய பிறகு பிரிட்டனில் கம்பெனி பதிவு செய்வது. ஆரம்ப ஏற்பாடு முதல் படத்தை ஒப்படைப்பதுவரை பொறுப்பு ஒரே கம்பெனியிடம் இருந்தாக வேண்டும். மற்றொன்று, பணம் வரும் நேரம். கணக்காண்டு முடிந்து வரி விவரம் தாக்கல் செய்த பிறகுதான் தொகை வரும். படப்பிடிப்போ இன்றைக்கு நடக்கிறது. வரவேண்டிய சலுகையை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்குவார்கள். அந்த வட்டியையும் கட்டணத்தையும் முதல் நாளே பட்ஜெட்டில் எழுதாவிட்டால் கடைசியில் துண்டு விழும்.

லண்டனில் எடுக்கும் தமிழ்ப் படத்துக்கு இந்தச் சலுகை கிடைக்குமா?

இரண்டு பாட்டும் ஒரு துரத்தலும் எடுத்தால் கிடைக்காது. சலுகைக்குப் படம் 'பிரிட்டிஷ் படம்' ஆக வேண்டும். அதற்கான கலாசாரத் தேர்வில் மொழிக்கு மட்டும் 6 மதிப்பெண். அது ஆங்கிலத்துக்கும் பிரிட்டனின் பிராந்திய மொழிகளுக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மொழிகளுக்கும்தான். தமிழுக்கு இல்லை. கதைக்களத்துக்கு 4 மதிப்பெண் முழுசாக வேண்டுமானால் படத்தின் 75% அங்கே நடக்க வேண்டும். 50% என்றால் 2, 25% என்றால் 1.

மொழியில் விட்டதைக் கலைஞர்கள் பிரிவில் ஓரளவு பிடிக்கலாம். இயக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர் என்று அங்கே 8 மதிப்பெண் இருக்கிறது. குடியுரிமைதான் வேண்டும் என்பதில்லை, வழக்கமாக அங்கே வசிப்பவரானாலும் போதும். கதை லண்டனின் ஹாரோ பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது, குழுவும் பெரும்பாலும் அங்கேயே வாழ்பவர்கள் என்றால் 18-ஐ எட்ட முடியும். இன்னொரு வழி, 2005-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம். அதன்படி அங்கீகாரம் பெற்றால் கலாசாரத் தேர்வே தேவையில்லை. ஆனால் இரு நாட்டு அனுமதியையும் படப்பிடிப்புக்கு முன்பே கேட்க வேண்டும். எந்த வழியில் போனாலும் முதன்மைச் செலவில் குறைந்தது 10% பிரிட்டனில் ஆகியிருக்க வேண்டும்.

சலுகைக்குப் பதில் 'உள்ளூர்ப் படம் இத்தனை சதவீதம் காட்டியே ஆக வேண்டும்' என்று சட்டம் போட்டிருக்கலாமே?

போட்டார்கள். 1927 சட்டம் விநியோகஸ்தருக்கு 7.5%, தியேட்டருக்கு 5% என்று ஆரம்பித்து 20% வரை ஏற்றியது. அமெரிக்க நிறுவனங்கள் என்ன செய்தன? ஃபிலிம் சுருளின் அடிக்கு ஒரு பவுண்டு கணக்கில் மலிவுப் படங்களைப் பிரிட்டனில் எடுத்துத் தள்ளி எண்ணிக்கையை நிரப்பின. 'கோட்டா குவிக்கி', அதாவது ஒதுக்கீட்டை நிரப்ப அவசரமாக எடுத்த படம், என்ற கேலிப் பெயரே வந்தது. 1938-இல் குறைந்தபட்சச் செலவு நிபந்தனை சேர்த்தார்கள்.

1947 ஆகஸ்டில் இன்னும் கடுமை: வெளிநாட்டுப் படங்களுக்கு 75% வரி. ஹாலிவுட் புதுப் படம் அனுப்புவதையே நிறுத்தியது. காலியான திரைகளை நிரப்ப பிரிட்டனின் பெரிய சினிமா நிறுவனமான ராங்க் தயாரிப்பைப் பெருக்கியது. 1948-இல் வரி விலகியதும் தேங்கிக் கிடந்த அமெரிக்கப் படங்கள் ஒரேயடியாக வந்து இறங்கின. ராங்க் கடனில் மூழ்கியது.

பிரிட்டிஷ் ரசிகர்களைத் தியேட்டரிலிருந்து துரத்தியது டிவிதானா?

பெரும் குற்றவாளி, ஆனால் தனி ஆள் அல்ல. 1946-இல் விற்ற டிக்கெட் 163.5 கோடி, தலைக்கு ஆண்டுக்கு 33 முறை. 1984-இல் 5.4 கோடி, தலைக்கு ஒன்றுகூட இல்லை. 1955-இல் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு சரிவு செங்குத்தானது உண்மை. ஆனால் டிவி பரவலாவதற்கு முன்பே கூட்டம் குறையத் தொடங்கிவிட்டது. பழைய குடியிருப்புகளை இடித்து மக்களைப் புறநகருக்கு அனுப்பினார்கள். தியேட்டர் பழைய தெருவிலேயே நின்றது. உரிமையாளர்கள் நஷ்டக் கொட்டகையை மூடினார்கள். அங்கே வந்தவர்கள் அடுத்த தியேட்டருக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பலர் வரவில்லை, பழக்கமே விட்டுப்போனது.

திருப்பம் 1985-இல் மில்டன் கீன்ஸில் 10 திரைகளோடு திறந்த முதல் மல்டிபிளக்ஸ். 2018-இல் 17.7 கோடி டிக்கெட் வரை ஏறியது. கொரோனா ஆண்டான 2020-இல் 4.4 கோடி, 2024-இல் 12.65 கோடிவரைதான் திரும்பியிருக்கிறது.

தமிழ்ப் படத்தை அங்கே வெளியிடும்போது கடைசி நேரத்தில் எது காலை வாரும்?

சான்றிதழும் சாவியும். பிரிட்டனில் படங்களுக்கு வயதுச் சான்றிதழ் தரும் அமைப்பு பிபிஎஃப்சி; அதன் கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. மூன்று மணி நேரப் படத்துக்கு அதற்கேற்ற செலவு. 12ஏ சான்றிதழ் கிடைத்தால் 12 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் பெரியவர் துணையோடு வரலாம். 15 என்றால் கைக்குழந்தையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். குடும்பத்தோடு வரும் நம் கூட்டத்துக்கு இது நேரடியாக வசூலைத் தொடும் விஷயம். 15 வந்தால் முன்பதிவுப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் சண்டைதான் மிஞ்சும். டிஜிட்டல் பிரதியைத் திறக்கும் சாவி ஒவ்வொரு திரையின் சர்வருக்கும் தனித்தனி. குறித்த நேரத்துக்கு மட்டுமே வேலை செய்யும். தியேட்டர் கடைசி நிமிடத்தில் காட்சியை வேறு திரைக்கு மாற்றினால் பழைய சாவி திறக்காது. மாற்றுத் திரைகளுக்கும் சேர்த்தே சாவி வாங்கி, முந்தைய நாளே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.