வென்ட்ஸை விட்டது சரியா, ஹர்ட்ஸை எடுத்தது சரியா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன்தான் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில் ஜெனரல் மேனேஜர்களில் முதல் ஆள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மேடம், நான் அமெரிக்கா வந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. அணி தோற்றால் பயிற்சியாளரைத் திட்டுவது புரிகிறது. மைதானத்தில் இறங்கவே இறங்காத ஜெனரல் மேனேஜரை ஏன் இந்தத் திட்டு திட்டுகிறார்கள்?

பதில்: கையில் இருக்கிற ஆட்களை வைத்து ஆட வைப்பது பயிற்சியாளர் வேலை. கையில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஜெனரல் மேனேஜர் வேலை. கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருவார்கள். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் பட்டியலில் இருக்கலாம். மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சம்பள வரம்பு. 2024-ல் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கென்று கணக்கில் காட்டக்கூடிய தொகை 25 கோடியே 54 லட்சம் டாலர். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் 32 அணிக்கும் ஒரே வரம்புதான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு வருடம் 5 கோடி கொடுத்துவிட்டால், பாக்கிப் பணத்தில் 52 பேரைப் பிடிக்க வேண்டும்.

நான் 1998-ல் ஃபிலடெல்ஃபியா வந்து ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணியில் சேர்ந்தேன். உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஈகிள்ஸ் 1960-ல் கோப்பை வென்றபோது அவர் சிறுவன். திங்கட்கிழமை இரவு முழுவதும், முந்தைய நாள் ஏன் தோற்றோம் என்று பேசுவோம். அவர் ஒருமுறைகூட அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காரணம் சொன்னதில்லை. “இது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரலில் செய்த தப்பு” என்பார். ஏப்ரலில்தான் டிராஃப்ட், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் சொன்னதுதான் என் பதிலும்.

கேள்வி: கார்சன் வென்ட்ஸுக்கு 12 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தவர் ரோஸ்மன். ஒரே வருடத்தில் அவருக்குப் போட்டியாக இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்து, அவர் மனதை உடைத்து, கடைசியில் துரத்தியவரும் ரோஸ்மன். இது பெரிய தவறு இல்லையா? இவரையா முதல் ஆள் என்கிறீர்கள்?

பதில்: தவறுதான். அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் பார்ப்பது தவறுக்கு மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதை.

கதையை முதலிலிருந்து பார்ப்போம். 2016 டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறி, இரண்டாவது இடத்தில் வென்ட்ஸை எடுத்தார்கள். 2017-ல் வென்ட்ஸ் ஆடிய ஆட்டத்தை இந்த ஊர் மறக்காது. டிசம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் வந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வாங்கிக் கொடுத்தார். 2019 ஜூனில் வென்ட்ஸுக்கு அந்தப் பெரிய ஒப்பந்தம். 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, இரண்டாம் சுற்றில், 53-ஆவது இடத்தில் ஜேலன் ஹர்ட்ஸ்.

அன்று கொரோனா காலம். டிராஃப்ட் முழுக்க அவரவர் வீட்டிலிருந்து நடந்தது. ஹர்ட்ஸ் பெயரை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. பந்து பிடிக்கச் சரியான ஆள் இல்லாத அணி அது. நான்கு மாதத்துக்கு முன் டிசம்பரில், பயிற்சிக் குழுவிலிருந்து ஏற்றிவிட்ட ஆட்களை வைத்துக்கொண்டு வென்ட்ஸ் கடைசி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்து, தோற்றால் வெளியேறும் சுற்றான பிளேஆஃபுக்குக் கொண்டுபோயிருந்தார். அவருக்குத் துணை சேர்க்காமல் போட்டியாளரைச் சேர்க்கிறார்களே என்று நினைத்தேன். மறுநாள் காலை வேலை முடிந்து ஷூய்ல்கில் நெடுஞ்சாலையில் வரும்போது, காரில் விளையாட்டு வானொலியில் பேசிய ஒவ்வொருவரும் என் கோபத்தைத்தான் பேசினார்கள்.

ஆனால் அந்தப் பிளேஆஃப் எப்படி முடிந்தது என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கால் பகுதியிலேயே வென்ட்ஸுக்குத் தலையில் அடி. உள்ளே வந்தவர் 40 வயது ஜாஷ் மெக்கவுன். தொடைத் தசை கிழிந்த நிலையிலும் அந்த மனிதர் கடைசிவரை ஆடினார். 17-9 தோல்வி. வென்ட்ஸ் அடிபடுவது அது முதல் முறையும் இல்லை. இந்தக் கணக்கு ரோஸ்மனிடம் இருந்தது. எங்களிடம் கோபம் மட்டும் இருந்தது.

2020 சீசனில் வென்ட்ஸ் சரிந்தார். 12 ஆட்டத்தில் அவர் எறிந்த 15 பாஸை எதிரணி பிடித்தது, 50 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். டிசம்பரில் ஹர்ட்ஸ் இறங்கினார். இந்த இடத்தில்தான் பல ஜெனரல் மேனேஜர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். “நான் எடுத்த ஆள், நான் கொடுத்த பணம், இன்னொரு வருடம் பார்ப்போம்” என்பார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒப்பந்தத்தின்போது கொடுக்கும் போனஸை, வரம்புக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். ஆளை நடுவில் அனுப்பினால் எழுதாமல் மீந்தது மொத்தமும் கணக்கில் வந்து விழும். வென்ட்ஸை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பியபோது அப்படி விழுந்தது 3 கோடியே 38 லட்சம் டாலர். அந்த 2021-ல் வரம்பே 18 கோடியே 25 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. அதாவது அணியில் இல்லாத ஒருவருக்காகக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. லீகில் அதுவரை யாரும் அவ்வளவு சுமந்ததில்லை. அதைச் சுமப்பது என்று ரோஸ்மன் முடிவு செய்தார்.

பதிலுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கொடுத்த டிராஃப்ட் உரிமை, நிபந்தனைப்படி 2022-ன் முதல் சுற்றில் 16-ஆவது இடமாக மாறியது. அதையும் இன்னொரு முதல் சுற்று உரிமையையும் நியூ ஆர்லியன்ஸிடம் கொடுத்து, 18-ஆவது இடத்தையும் 101-ஆவது இடத்தையும் 2023-க்கான முதல் சுற்று உரிமையையும் வாங்கினார். அந்த 18-உம் 101-உம் டென்னசிக்குப் போய், பந்து பிடிப்பவரான ஏ.ஜே. பிரவுன் வந்தார். 2023 உரிமை பத்தாவது இடமாக விழுந்தது. கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து ஒரு படி ஏறி, ஒன்பதாவது இடத்தில் ஜேலன் கார்ட்டரை எடுத்தார். 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று சாய்த்த அணியில் இந்த இருவரும் இருந்தார்கள். ஹர்ட்ஸ்தான் ஆட்ட நாயகன்.

அந்த ஹர்ட்ஸின் முதல் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமாகவே ஏறக்குறைய 60 லட்சம் டாலர். வென்ட்ஸால் ஏற்பட்ட பள்ளத்தை மூடிய மண் அதுதான். 2023-ல் ஹர்ட்ஸுக்கும் ஐந்தாண்டுக்கு 25 கோடியே 50 லட்சம் கொடுத்துவிட்டார்கள், அந்தச் சலுகை இனி இல்லை.

வென்ட்ஸ் மனம் உடைந்தது உண்மையாக இருக்கலாம். அதற்காக நான் வருத்தப்படுகிறேன். அவர் 2017-ல் ஆடாவிட்டால் இந்த ஊருக்கு முதல் சூப்பர் பவுலே இல்லை.

கேள்வி: மாற்று குவார்ட்டர்பேக்குக்குப் பணம் செலவழிப்பது வீண் என்கிறார் என் அண்ணன். வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு?

பதில்: நிக் ஃபோல்ஸ், அந்த முதல் சூப்பர் பவுலில் 373 யார்டு, மூன்று டச்டவுன் பாஸ், தானே பிடித்த ஒரு டச்டவுன், நியூ இங்கிலாந்துக்கு எதிராக 41-33. அண்ணனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: 1999 டிராஃப்டில் குவார்ட்டர்பேக் டானவன் மெக்நாப்பை எடுத்தபோது நியூயார்க் வரை போய்க் கூச்சல் போட்டவர்கள் ஈகிள்ஸ் ரசிகர்கள். அப்படியிருக்க ஜெனரல் மேனேஜர் விஷயத்தில் ரசிகன் சொல்வதற்கு என்ன மதிப்பு?

பதில்: அந்தக் கூச்சலை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன், வாழ்க்கையிலேயே பெரிய நாள், மேடையேறும்போது சொந்த அணியின் ரசிகர்களே ஊளையிடுகிறார்கள். அவர்களுக்கு பந்தோடு ஓடுகிற ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் வேண்டும். மெக்நாப் அப்புறம் 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு வருடம் அணியைப் பிரிவு இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார், ஒரு சூப்பர் பவுலுக்கும். அந்த ஊளை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஆனால் அதை வைத்து ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். ஹர்ட்ஸை எடுப்பதற்கு முந்தைய நாள், முதல் சுற்றில் 21-ஆவது இடம் ஈகிள்ஸிடம் இருந்தது. இந்த ஊரில் பலர், பந்து பிடிப்பவரான ஜஸ்டின் ஜெஃபர்சன் பெயரைச் சொன்னார்கள். ரோஸ்மன் எடுத்தது இன்னொரு பந்து பிடிப்பவரான ஜேலன் ரேகரை. அடுத்த இடத்தில், 22-இல், மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்துக்கொண்டது. ஜெஃபர்சன் லீகின் தலைசிறந்த பந்து பிடிப்பவர்களில் ஒருவராகிவிட்டார். ரேகரை இரண்டு வருடத்தில் அனுப்பிவிட்டார்கள், அதுவும் அதே மினசோட்டாவுக்கு. ஒரே வாரயிறுதியில் ரசிகர்கள் ஒன்றில் சரி, ஒன்றில் தவறு. ரோஸ்மனும் அப்படியே.

ஒரு வித்தியாசம் உண்டு. பந்து பிடிப்பவரையும் ஓட்டக்காரரையும் நாம் பார்த்த கண்ணால் ஓரளவு எடைபோட முடியும். முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களை முடியாது. 2018-ல் ஏழாவது சுற்றில், 233-ஆவது இடத்தில், ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலியரை எடுத்தார்கள். ரக்பி ஆடியவர், இந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட ஆடியதில்லை. எந்த ரசிகனும் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டான். பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் வருடக்கணக்கில் செதுக்கி, ஹர்ட்ஸின் இடப்பக்கத்தைக் காக்கும் சுவராக அவரை ஆக்கினார்.

கேள்வி: என் கணவர் நியூயார்க் ஜயண்ட்ஸ் ரசிகர். ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லியை ஃபிலடெல்ஃபியாவுக்கு விட்டதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் வீட்டில் யாரும் சாப்பிட முடிவதில்லை. ஜயண்ட்ஸ் ஜெனரல் மேனேஜர் ஜோ ஷோன் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா அக்கா?

பதில்: உங்கள் கணவரின் வேதனை எனக்குப் புரிகிறது. 2024 சீசனில் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், அதுவும் ஈகிள்ஸின் பச்சைச் சட்டையில். கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்திருக்காவிட்டால், எரிக் டிக்கர்சன் 1984-ல் வைத்த 2,105 யார்டு சாதனையையும் தொட்டிருக்கலாம்.

ஆனால் தீர்ப்பை முடிவெடுத்த நாளில் நின்று சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் பார்க்லிக்கு 27 வயது. ஓட்டக்காரருக்கு அது இளமை இல்லை. முந்தைய வருடம் 962 யார்டு. ஈகிள்ஸ் கொடுத்தது மூன்றாண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் டாலர். ஜயண்ட்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் அதே பார்க்லி இன்னொரு 962 யார்டுதான் ஓடியிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் அவருக்கு முன்னால் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், ஜர்கன்ஸ், பெக்டன், லேன் ஜான்சன். இதில் பெக்டன், ஜெட்ஸ் கைவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்.

ஷோனின் தவறு அதற்கு ஒரு வருடம் முந்தியது. 2023 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்காண்டுக்கு 16 கோடி டாலர். ஒரே ஒரு நல்ல சீசனை நம்பிக் கொடுத்த பணம். அந்த இலையுதிர்காலத்திலேயே ஜோன்ஸ் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். அப்போதே கை கழுவியிருக்கலாம், அல்லது 2024 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருக்கலாம். அங்கே எடுத்தது பந்து பிடிப்பவரான மலிக் நேபர்ஸை. நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு யார் பந்து எறிவது? நவம்பரில் ஜோன்ஸை விடுவித்தார்கள். அந்த ஒப்பந்தத்தையும், அதைக் கைவிட நவம்பர் வரை ஆனதையும் பற்றித்தான் உங்கள் கணவர் கோபப்பட வேண்டும். பார்க்லி பாவம், அவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆரன் ராட்ஜர்ஸ் குவார்ட்டர்பேக்காக இருக்கும்போதே இன்னொரு குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வை எடுத்த கிரீன் பேயும் ஈகிள்ஸ் செய்ததைத்தானே செய்தது?

பதில்: ஆமாம், அதே வருடம், ஒரே ஒரு நாள் முன்னால். லவ் 26-ஆவது இடம். அதற்கு ராட்ஜர்ஸ் கொடுத்த பதில் 2020, 2021 இரண்டு வருடமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த இரண்டு வருடமும் கிரீன் பே ஜெனரல் மேனேஜர் பிரையன் குட்டெகன்ஸ்டைப் பார்த்து எல்லோரும் கேட்டது, அந்த முதல் சுற்று உரிமையை இப்போதே உதவுகிற ஆளுக்குக் கொடுத்திருந்தால் ராட்ஜர்ஸுக்கு இன்னொரு சூப்பர் பவுல் கிடைத்திருக்காதா என்று. நியாயமான கேள்வி. அதில் நான் ராட்ஜர்ஸ் பக்கம்.

ஆனால் ராட்ஜர்ஸே அப்படி வந்தவர்தான். பிரெட் ஃபார்வ் என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக் ஆடிக்கொண்டிருந்த ஊரில், 2005-ல், அன்றைய ஜெனரல் மேனேஜர் டெட் தாம்ப்சன் அவரை 24-ஆவது இடத்தில் எடுத்து மூன்று வருடம் உட்கார வைத்தார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் 2010 சீசனின் கோப்பை இல்லை.

கேள்வி: ஹர்ட்ஸுக்கும் ஒரு நாள் இதேதான் நடக்குமா?

பதில்: 2023 டிராஃப்டில், ஹர்ட்ஸுக்கு 25 கோடி கொடுத்த அதே மாதத்தில், ஆறாவது சுற்றில் டேனர் மெக்கீ என்ற குவார்ட்டர்பேக்கை ரோஸ்மன் எடுத்தார். 188-ஆவது இடம். இந்த முறை வானொலியில் ஒருவரும் கோபப்படவில்லை.