அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லை!

கேள்வி: மூன்று வருட ஆண்ட்ராய்டு போன். போன வாரம் அப்டேட் போட்டதிலிருந்து மதியத்துக்குள் சார்ஜ் காலி. முன்பெல்லாம் ராத்திரி வரை தாங்கும். பேட்டரியை மாற்றிவிடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவசரம் வேண்டாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில நாட்கள் போன் ஆப்களைத் திரும்ப ஒழுங்குபடுத்தும். சூடாகும், சார்ஜும் இறங்கும். ராத்திரி வைஃபையில், சார்ஜில் போட்டு வைத்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும். பிளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். பழைய ஆப், புது சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதுதான் பாதிப் பிரச்சினை.

உங்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டதால் செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜையும் பாருங்கள். நீங்கள் திறக்கவே திறக்காத ஆப் முதலிடத்தில் இருந்தால் அதன் பேக்ரவுண்டு உபயோகத்தை நிறுத்துங்கள். மொபைல் நெட்வொர்க் அதிகம் தின்றால் சிக்னல்தான் வீக். தகர ஷெட், குடோனுக்குள் வேலை என்றால் 5ஜியை விட்டு 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள்.

30 சதவீதம் காட்டும்போதே போன் பொட்டென்று அணைகிறதா? அப்போது அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது. மூன்று வருடத்தில் அது சகஜம். நம்மூர் மே மாத வெயிலில் வண்டி டேங்க் கவரில் போனை வைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்: சார்ஜ் போடாமல், அழுத்தாமல், அணைத்து சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.