கால்குலேட்டரில் 11 டிகிரி 24 நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். தேயிலைத் தோட்டச் சரிவில் சர்வே செய்தபோது சாய்வு நீளம் 100 மீட்டர், கோணம் 11 டிகிரி 24 நிமிடம். உயரம் 19.77 மீட்டர் வரவேண்டும் என்கிறார் எங்கள் சார். எனக்கு 19.49 தான் வருகிறது. கால்குலேட்டர் கெட்டுப்போய்விட்டதா?
- மாணவர், குன்னூர்

பதில்: கால்குலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் 11.24 என்று அடித்திருக்கிறீர்கள், உங்கள் விடையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. புள்ளிக்குப் பின்னால் வருவது நூற்றில் 24 பங்கு. நிமிடமோ அறுபதில் 24 பங்கு. அதாவது உங்கள் கோணம் 11.4 டிகிரி. நீங்கள் அடித்த 11.24 என்பது 11 டிகிரி 14 நிமிடம் 24 விநாடிதான்.

கேசியோ மாதிரியான கால்குலேட்டரில் °′″ என்று ஒரு பொத்தான் இருக்கும் பாருங்கள், அதற்காகவே வைத்தது. சைன் அழுத்தி, 11, அந்தப் பொத்தான், 24, மறுபடி அதே பொத்தான், 0, இன்னொரு முறை பொத்தான், அப்புறம் சமக்குறி. 0.19766 வரும், 100-ஆல் பெருக்கினால் சார் சொன்ன உயரம். சில மாடல்களில் திரையில் மூன்று இடத்திலும் டிகிரிக் குறியே தெரியும், பயப்பட வேண்டாம். ஒரு டிகிரிக்கும் குறைவான கோணம் என்றால் முன்னால் 0 போட்டே ஆகவேண்டும். வெறும் 20 போட்டு அழுத்தினால் அது 20 டிகிரி என்றுதான் எடுத்துக்கொள்ளும். திரையின் மேலே D (டிகிரி) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், R (ரேடியன் என்ற வேறு கோண அளவு) இருந்தால் விடை மொத்தமும் தப்பு.

போனில் அந்தப் பொத்தான் இல்லையென்றால் 11 + 24÷60 என்று போடுங்கள், விநாடி இருந்தால் அதை 3600-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். இறக்கக் கோணம் என்றால் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு வெளியே மைனஸ் போடவேண்டும், இல்லாவிட்டால் டிகிரி மட்டும் மைனஸாகி நிமிடம் ப்ளஸாகவே நின்றுவிடும். இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

27 சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய இதே 11 டிகிரி 24 நிமிடம்தான். மேப்பில் அதை 11.24 என்று போட்டால் ஊர் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தெற்கே போய் உட்கார்ந்துகொள்ளும்! இதைவிட மோசம், 11 டிகிரி 5 நிமிடத்தை 11.5 என்று எழுதுவது. அது 11 டிகிரி 30 நிமிடம்.

கேள்வி: மேட்டுப்பாளையம் மலை ரயில் பல்சக்கரப் பாதையில் 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறுகிறதாமே, அது எத்தனை டிகிரி?
- வாசகி, கோத்தகிரி

பதில்: 12 அடி கிடையாகப் போனால் 1 அடி ஏறுகிறது என்று அர்த்தம். ஷிஃப்ட் அழுத்தி டேன், அடைப்புக்குள் 1÷12, சமக்குறி. 4.7636 வரும். இப்போது மேலே சொன்ன அதே °′″ பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள், 4 டிகிரி 45 நிமிடம் 49 விநாடி என்று மாறிவிடும். மறுபடி அழுத்தினால் பழையபடி தசமம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்லில் பிடித்து ஏறுகிற அந்த ரயிலுக்கு ஐந்து டிகிரிகூட இல்லையா என்று தோன்றும். ஆனால் வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அது மிகப் பெரிய ஏற்றம்.